புகையான் தாங்குற நெல், சத்து கூடுன நெல்: விதையை நம்புறதா, வயலை நம்புறதா?

கோட்டூர்_உழவன்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு முடிவுக்கு வர முடியாம இங்க எழுதுறேன்.

போன சம்பாவுக்கு மூணு ஏக்கர் பி.பி.டி. 5204, அதான் சாம்பா மசூரி, நட்டேன். மார்கழி கடைசியில நடு வயல்ல ஒரு கட்டில் அகலத்துக்குப் பயிர் மஞ்சளாத் தெரிஞ்சுது. மேட்டுப் பகுதி, தண்ணி ஏறலைன்னு விட்டுட்டேன். நாலாம் நாள் போனா அந்த இடம் கொளுத்திப் போட்ட மாதிரி காஞ்சு கெடக்கு. தூரை விலக்கிப் பார்த்தேன். தண்ணிக்கு மேல நாலு விரக்கடை உயரத்துக்கு எள்ளைத் தூவினாப்ல அப்பியிருக்கு. கையை வச்சதும் பக்கவாட்டுல நகருது. தூர்ல சாறு உறிஞ்சுற பூச்சி, புகையான். மருந்துக்கடையில சொன்னேன், ரெண்டு மருந்தைச் சேர்த்து அடிக்கச் சொன்னாங்க. அடிச்சேன். எட்டு நாள்ல ஒரு வட்டம் நாலு வட்டமாச்சு. ஒண்ணே கால் ஏக்கர் முழுசாப் போச்சு. அந்த வைக்கோலை மாடு மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.

என் மக வேளாண் பட்டயம் படிக்குது. "எதிர்ப்பு ரகம் போடுங்கப்பா"ங்குது. பக்கத்து வயல்காரர் மாப்பிள்ளை சம்பாவுக்கு மாறச் சொல்றார். ஒரு கூட்டத்துல துத்தநாகச் சத்து கூடுன நெல் வந்திருக்குன்னு பேசுனாங்க. மூணுல எதை நம்புறது? பூச்சியும் தாங்கணும், வீட்டுச் சோறும் சத்தா இருக்கணும்னு கேக்குறது பேராசையா?

விதைப்பெட்டி

பேராசையே இல்லீங்க அண்ணே. நெல் ரகம் உருவாக்குறவங்க ஐம்பது வருஷமாத் தேடுறது இதைத்தான்.

நான் பூச்சி எதிர்ப்புச் சோதனையில ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன், அந்த வேலையாலதான் இந்தப் பேரையே வச்சேன். சோதனை எப்படின்னா, ஒரு தட்டுல மண் போட்டு வரிசை வரிசையா நெல்லை முளைக்க வைப்போம். ஒரு வரிசை டி.என்.1, அதாவது தைச்சுங் நேட்டிவ் 1. இது புகையானுக்கு அப்படியே விழுந்துடும். இன்னொரு வரிசை பி.டி.பி.33, கேரளா பட்டாம்பி நிலையத்துல தேர்வு செஞ்ச பழைய நெல். நடுவுல நாங்க சோதிக்க வேண்டிய ரகங்க. நாத்து ஒண்ணுக்கு எட்டுப் பத்து குஞ்சுன்னு புகையானை மேல உதறிவிட்டு வலைக்கூண்டுக்குள்ள வச்சிருவோம். ஒரு வாரம், பத்து நாள்ல டி.என்.1 வரிசை செத்துச் சருகாயிரும். பக்கத்துல ரெண்டு விரல் தள்ளி பி.டி.பி.33 பச்சையா நிக்கும். ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒரே பூச்சி. வித்தியாசம் விதைக்குள்ள மட்டுந்தான். முதல் தடவை அதைப் பார்த்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. இவ்வளவு பெரிய விஷயம் இத்தனூண்டு விதைக்குள்ள இருக்கேன்னு.

அதனால என் பதில்: எதிர்ப்பு ரகம் போடுங்க. மருந்துல உங்களால ஜெயிக்க முடியாது.

பூங்கார்_தேவி

விதைப்பெட்டி தம்பி பாதிக் கதைதான் சொல்றார். மீதியை நான் சொல்றேன்.

1966ல ஐ.ஆர்.8 வந்துச்சு. குட்டைப் பயிர், நெருக்கமான தூரு, மூட்டை மூட்டையா யூரியா, வருஷம் பூரா வயல்ல நெல்லு. அதுக்கு முன்னாடி எங்கயோ ஓரத்துல கெடந்த புகையான் அதுக்கப்புறந்தான் ஆசியா முழுக்கப் பெரிய பூச்சியாச்சு. 1973–74ல கேரளா குட்டநாட்டுல நெல்லு கருகினது எங்க அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். உடனே 1973லயே பிலிப்பைன்ஸ்ல இருந்து ஐ.ஆர்.26னு எதிர்ப்பு ரகம். ரெண்டு மூணு வருஷத்துல புகையான் அதையும் தின்னப் பழகிருச்சு. 1976ல ஐ.ஆர்.36. அதையும் தின்னுற கூட்டம் வந்ததும் ஐ.ஆர்.56. புதுப் பூட்டு, புதுச் சாவி, மறுபடி புதுப் பூட்டு. நடுவுல ஒவ்வொரு தடவையும் கருகினது யார் வயல்?

நான் திருவாரூர் பக்கம் பதினோரு வருஷமா பூங்கார், கிச்சிலி சம்பா, கருப்பு கவுனின்னு நாட்டு நெல்லுதான் போடுறேன். நாலு ஏக்கர். இது வரைக்கும் புகையானுக்குன்னு ஒரு சொட்டு மருந்து அடிச்சதில்ல. நெல் ஜெயராமன் ஐயா ஊர் ஊராத் தேடிச் சேர்த்த நூத்து எழுபத்து நாலு ரகத்துல நம்ம மண்ணுக்கு ஒண்ணு கிடைக்காமலா போகும்?

விதைப்பெட்டி

தேவி அக்கா, ஐ.ஆர்.8 பத்தியும், பூட்டு உடைஞ்ச வருஷங்களைப் பத்தியும் நீங்க சொன்னது சரி. மறுக்கல. ஆனா அந்தப் பூட்டு எந்தப் பட்டறையில செஞ்சதுன்னு பாருங்க.

ஐ.ஆர்.26க்குத் தகப்பன் டி.கே.எம்.6. நம்ம திருவள்ளூர் மாவட்டம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்துல வந்த ரகம். அதுக்குப் பெத்த வழி ஜி.இ.பி.24, நீங்க வயல்ல வச்சிருக்கீங்களே அந்தக் கிச்சிலி சம்பாதான் அது. ஐ.ஆர்.36க்குப் புகையான் எதிர்ப்பு பட்டாம்பியோட பி.டி.பி.18ல இருந்து போச்சு. புகையான் பரப்புற புல்தழைக் குட்டை நோய்க்கு எதிர்ப்பு தேடி ஆறாயிரத்துக்கு மேல மாதிரிகளைச் சலிச்சாங்க. கிடைச்சது ஒரே ஒரு காட்டு நெல், உத்தரப்பிரதேசத்துல எடுத்தது. அந்த ஒண்ணும் ஐ.ஆர்.36க்குள்ள இருக்கு. 1980கள்ல அந்த ஒரு ரகம் ஒரு கோடியே பத்து லட்சம் ஹெக்டேர்ல நின்னுச்சு. நெல் விஞ்ஞானி குர்தேவ் சிங் குஷ் உருவாக்கினது. அத்தனை கோடிப் பேர் தட்டுல சோறு விழுந்துச்சா இல்லையா?

நாட்டு நெல்லும் எதிர்ப்பு ரகமும் எதிரெதிர் கட்சி இல்லக்கா. ஒண்ணு தாய், ஒண்ணு பிள்ளை.

பூங்கார்_தேவி

தாயை விதை வங்கியில பெட்டிக்குள்ள குளிர்ல வச்சுட்டு, பிள்ளையை மட்டும் ஊர் பூரா ஒரே மூஞ்சியா நிறுத்துனா அது குடும்பமா தம்பி? ஒரு கோடி ஹெக்டேர்ல ஒரே ரகம்னு பெருமையாச் சொல்றீங்க. எனக்கு அந்த எண்ணைக் கேட்டதும் பயம்தான் வருது.

சிலந்தி_நண்பன்

இடையில வர்றேன். இருபத்தி ரெண்டு வருஷம் பூச்சிக் கண்காணிப்புல வயல் வயலா நடந்தவன். ரெண்டு பேரும் விதையைப் பத்தியே பேசுறீங்க. கோட்டூர் தம்பி எழுதுனதுல முக்கியமான வரியை விட்டுட்டீங்க: "அடிச்சேன். எட்டு நாள்ல ஒரு வட்டம் நாலு வட்டமாச்சு."

தம்பி, என்ன மருந்து அடிச்சீங்க? செயற்கைப் பைரித்ராய்டு வகை அதுல இருந்துச்சா? யூரியா எத்தனை மூட்டை? பட்டம் விட்டு, அதாவது நடுவுல நடைபாதை மாதிரி இடைவெளி விட்டு நட்டீங்களா?

கோட்டூர்_உழவன்

வீட்டுல டப்பாவை எடுத்துப் பார்த்தேன் ஐயா. ரெண்டுல ஒண்ணு நீங்க சொன்ன வகைதான். யூரியா... கதிர் நல்லா வரட்டும்னு சொன்ன அளவுக்கு மேல ஏக்கருக்கு ஒரு மூட்டை கூடப் போட்டேன். பட்டம் விடல. ஆள் கூலிக்கு நடுறவங்க நெருக்கமா நட்டுட்டாங்க, நானும் இடம் வீணாகாதேன்னு விட்டுட்டேன்.

சிலந்தி_நண்பன்

நன்றி தம்பி, மறைக்காம சொன்னதுக்கு. உங்க வயல் எரிஞ்ச காரணம் முக்கால்வாசி அதுலயே இருக்கு.

புகையான் முட்டையை இலையுறைக்குள்ள குத்தி வைக்கும். நீங்க மேல அடிக்கிற மருந்து அந்த முட்டையைத் தொடாது. தூர்ல இருக்குற பூச்சிக்கும் சரியா எட்டாது. எட்டுறது யாருக்குன்னா, இலை மேலயும் தண்ணி மேலயும் ஓடித் திரியுற ஓநாய்ச் சிலந்திக்கு, முட்டையை உறிஞ்சிக் குடிக்கிற பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சிக்கு. காவக்காரங்க செத்தாச்சு. ஒரு வாரத்துல முட்டை பொரியுது, கேக்க ஆள் இல்ல. பைரித்ராய்டுக்கு இன்னொரு கெட்ட குணம், அது பட்ட புகையான் கூடுதலா முட்டை வைக்கும்.

இதை ஒரு நாடே பட்டுத் தெரிஞ்சுக்கிச்சு. இந்தோனேசியாவுல மானிய விலையில மருந்து, மருந்து கூடக் கூடப் புகையான். 1986ல குடியரசுத் தலைவர் ஆணை போட்டு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை பண்ணினாங்க. அடுத்த மூணு வருஷத்துல மானியத்தையும் எடுத்துட்டாங்க. நெல் உற்பத்தி விழல.

நான் விவசாயிகளுக்குச் சொல்றது இவ்வளவுதான்: சிலந்தி இல்லாத வயல்ல தூருக்கு ஒரு புகையான் வந்தா யோசி. குத்துக்கு, அதாவது ஒண்ணா நட்ட நாத்துக் கொத்துக்கு, ஒரு சிலந்தி இருந்தா தூருக்கு ரெண்டு புகையான் வரைக்கும் பொறு. எட்டடிக்கு ஒரு அடி பட்டம் விடு. தண்ணியைக் காயக் காயக் கட்டு. யூரியாவைப் பிரிச்சுப் போடு. இதைச் செய்யாம விதையை மட்டும் மாத்துனா, தேவியம்மா சொன்ன பூட்டு உடையுற கதை உங்க வயல்லயும் நடக்கும்.

தேவியம்மாவுக்கும் ஒண்ணு. உங்க வயல்ல புகையான் வராதது பூங்கார் விதையாலயா, இல்ல நீங்க யூரியாவும் மருந்தும் போடாததாலயா? டி.கே.எம்.6 தானே நேரடியாப் புகையானுக்குத் தாங்காது. எதிர்ப்புக் குணம் உள்ள ஒளிஞ்சிருந்து பிள்ளையில வெளிப்பட்டுச்சு. நாட்டு ரகம்னாலே எல்லாப் பூச்சியும் தாங்கும்னு பொதுவாச் சொன்னா, அதை நம்பி யூரியாவோட பயிர் வைக்கிறவர் ஏமாந்துருவார்.

வன்னி_வயல்காரன்

கிளிநொச்சியிலிருந்து எழுதுறன். இஞ்ச நாங்கள் இதைக் கபிலநிறத் தத்தி எண்டு சொல்லுவம். பெரும்போகத்தில மழை விட்டு வெயில் எறிக்கேக்க வந்து வட்டம் வட்டமா எரிக்கும்.

விதைப்பெட்டி அண்ணா பி.டி.பி.33 எண்டு எழுதினதைப் பாத்து ஒண்டு சேர்க்க வேணும் போல இருந்தது. ரத்துஹீனட்டி எண்டு எங்கட தீவில ஒரு பழைய சிவப்பு நெல் இருக்கு. புகையான் எதிர்ப்பில மூண்டாம் எண் குடுத்த மரபணுவை முதலில அதிலதான் கண்டவை. பிறகு 2015இல சீனாவில அதைப் பிரிச்சுப் பாத்து, அது ஒரு மரபணு இல்லை, ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா மூண்டு எண்டு சொல்லிச்சினம். ஒரு மரபணு வைச்ச இனம் இரண்டு மூண்டு வருசத்தில விழ, இது நீண்ட காலம் நிண்டதுக்கு அதுதான் காரணம் எண்டு நினைக்கிறன்.

எங்கட ஆக்கள் ரத்துஹீனட்டியைச் சாப்பாட்டுக்காகத்தான் வைச்சிருந்தவை, பூச்சிக்காக இல்லை. விதையை ஆராவது ஒரு கிழவன் கொட்டிலில வைச்சிருக்காட்டி அந்த மரபணுவும் போயிருக்கும்.

பூங்கார்_தேவி

வன்னித் தம்பி, உங்க கடைசி வரிக்காக ஒரு கும்பிடு.

சிலந்தி ஐயா, உங்க கேள்வி நியாயம். என் வயல்ல பாதிக் காரணம் யூரியா போடாததுதான், ஒத்துக்குறேன். ஆனா அந்த விதை யூரியா கேக்கலையே. கூடப் போட்டா சாஞ்சுரும். மருந்து, உரம் இல்லாம நிக்கிறதும் விதையோட குணந்தான்.

ஆலை_முத்து

நான் நெல் அரைக்கிறவன். சங்கடமான உண்மையை யாராவது சொல்லணும்.

குட்டநாடு மங்கொம்பு நிலையத்துல வந்த உமா ரகம் புகையானுக்கு நல்லாத் தாங்கும், பட்டாம்பி ஜோதியும் ஓரளவு தாங்கும். கேரளாவுல ஓடுது, ஏன்னா அங்க சிவப்புக் குண்டரிசி சாப்பிடுறாங்க. இங்க எங்கிட்ட வர்றவர் ஒரு பிடி அரிசியைக் கையில பரப்பி, சன்னமா இருக்கா, வெள்ளையா இருக்கான்னு பார்ப்பார். பி.பி.டி.க்குப் புகையான்லயிருந்து எலி வரைக்கும் எல்லாம் எதிரி. இருந்தும் விவசாயி ஏன் அதையே போடுறாங்க? மூட்டைக்கு நூறு ரூபா கூடக் கிடைக்கும்னுதான். துத்தநாகம் கூடுதலா இருக்குன்னு எவரும் எனக்குக் கூட விலை தர்றதில்ல. கண்ணுக்குத் தெரியாத சத்துக்கு எப்படி விலை வைக்கிறது? அந்தக் கூட்டத்துல "நல்ல விலை"ன்னு சொன்னவரை நம்பிக் கோட்டூர் அண்ணன் இறங்க வேண்டாம்.

விதைப்பெட்டி

முத்து அண்ணன் சொல்றதுதான் எங்களுக்கும் பெரிய தலைவலி. எதிர்ப்புக் குணம் உள்ள பழைய ரகத்தோட சேர்த்தா அதோட குண்டரிசியும் கூடவே வரும். அதைக் கழிக்க ஆறேழு தலைமுறை பி.பி.டி.யோடயே திரும்பத் திரும்பச் சேர்க்கணும். முடியாத காரியம் இல்ல. ஐதராபாத்துல பாக்டீரியா இலைக்கருகலுக்கு எதிரா மூணு மரபணுவை இதே பி.பி.டி.க்குள்ள கொண்டு வந்து 2008ல மேம்படுத்தப்பட்ட சாம்பா மசூரின்னு வெளியிட்டாங்க. அரிசி அதே சன்னம், அதே ருசி. புகையானுக்கும் அதே வழியில வேலை நடக்குது.

செவிலி_அமுதா

பூச்சியைப் பத்தி எனக்குத் தெரியாது. சோத்தைப் பத்திப் பேசலாமா?

நான் கிராம சுகாதார செவிலியர். தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21 கணக்குப்படி நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எனக்கு அது சதவீதமாத் தெரியாது, கண் இமையைக் கீழ இழுத்துப் பார்க்கும்போது வெளுத்துத் தெரியுற மூஞ்சிகளாத் தெரியும். வயித்துப்போக்குன்னு தூக்கிட்டு வர்ற குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோட 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரை குடுக்குறேன். ரெண்டு மாசத்துல அதே குழந்தை திரும்ப வருது.

"கீரை சாப்பிடுங்க, முட்டை சாப்பிடுங்க, பருப்பு சாப்பிடுங்க"ன்னு பதினஞ்சு வருஷமாச் சொல்றேன். போன மாசம் ஒரு அம்மா என்னைப் பார்த்து, "எல்லாம் தெரியும்மா, ரேஷன்ல அரிசிதான சும்மா குடுக்குறாங்க"ன்னாங்க. அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரல. அவங்க தட்டுல முக்கால் பங்கு அந்த அரிசிதான். அந்த அரிசிக்குள்ளயே சத்து இருந்தா என்ன தப்பு? கருப்பு கவுனி கிலோ என்ன விலை விக்குதுன்னு தேவியக்கா சொல்லட்டும்.

பூங்கார்_தேவி

விலையைப் பத்திச் சொன்னது எனக்கும் வலிக்குது அமுதா. நான் விளைவிக்கிற கவுனியை எங்க தெருக்காரங்களே வாங்க முடியாது. பட்டணத்துக்குத்தான் போகுது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா சத்து எங்க போச்சுன்னும் கேளுங்க. நெல்லுல சத்து இருந்துச்சு. மில்லுல தீட்டித் தீட்டித் தவிடாக்கி மாட்டுக்குப் போட்டோம். அப்புறம் அரசாங்கம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12ம் கலந்து அரிசி மாதிரி அச்சுல வார்த்து, நூத்துக்கு ஒண்ணுன்னு ரேஷன் அரிசியில கலந்துச்சு. எங்க ஊர்ப் பொம்பளைங்க அதைப் பிளாஸ்டிக் அரிசின்னு ஒவ்வொண்ணாப் பொறுக்கி எறியுறாங்க. தீட்டாம, கைக்குத்தலாக் குடுத்திருந்தா இத்தனை சுத்து எதுக்கு?

செவிலி_அமுதா

பொறுக்கி எறிய வேண்டாம்னு நானும் வீடு வீடாச் சொல்லிட்டு வர்றேன். அது பிளாஸ்டிக் இல்ல, அரிசி மாவுல செஞ்சதுதான். படிக்கிறவங்க உங்க வீட்டுலயும் சொல்லுங்க.

விதைப்பெட்டி

தேவி அக்கா கேள்வி முக்கியமானது, கொஞ்சம் நீளமாப் பதில் சொல்றேன்.

நெல்லுல இரும்பு பெரும்பாலும் மேல்தோல்லதான் சேருது. தீட்டிட்டா கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவுதான் மிச்சம். இதைச் சாதாரண ஒட்டுக் கலப்பால ரத்தசோகை தீர்ற அளவுக்கு ஏத்த முடியல. அமுதா அம்மா, அந்த நம்பிக்கையை உங்களுக்குத் தர மாட்டேன். இரும்புக்குக் கம்பு நல்லது. தனசக்தின்னு ஒரு கம்பு ரகம் கிலோவுக்கு 71 மில்லிகிராம். 2018லயிருந்து நம்ம நாட்டுல புதுக் கம்பு ரகம் வெளியிடணும்னா குறைஞ்சது 42 மில்லிகிராம் இரும்பும் 32 துத்தநாகமும் இருக்கணும்னு விதியே வச்சுட்டாங்க. நெல்லுக்கும் அப்படி ஒரு விதி வரணும்னு ஆசைப்படுறேன்.

துத்தநாகம் வேற மாதிரி. அது அரிசியோட உள்பகுதியிலயும் போய்ச் சேருது, தீட்டினாலும் பெரும்பங்கு நிக்கும். 2016ல வந்த டி.ஆர்.ஆர். தன் 45ல தீட்டின அரிசியிலயே கிலோவுக்கு 22.6 மில்லிகிராம். வழக்கமான ரகத்துல 12லயிருந்து 16. அதே வருஷம் கட்டாக்கிலிருந்து சி.ஆர்.தன் 310, அதுல புரதம் 10.3 சதவீதம். சாதாரணமா 7, 8தான். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிடுற அம்மாவுக்கு 4.2 மில்லிகிராம் துத்தநாகம் கிடைக்கிற இடத்துல 6.8 கிடைக்கும். மாத்திரைக்கு ஈடில்ல. ஆனா தினமும், யாரும் ஞாபகப்படுத்தாம, செலவில்லாம.

கைக்குத்தல் நல்லதுதான். அதே தவிட்டுல ஃபைட்டேட் இருக்கு, அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடிச்சுக்கும், உடம்புல சேர விடாது. தவிட்டுல இருக்குறதெல்லாம் ரத்தத்துக்குப் போகும்னு கணக்குப் போடக் கூடாது.

பூங்கார்_தேவி

அதுக்குத்தான் நம்ம கிழவிங்க ஊற வச்சு, புளிக்க வச்சு, நீராகாரமாக் குடிச்சாங்க. புளிக்க வச்சா அந்தப் பிடி தளரும்னு உங்க புத்தகத்துலயே இருக்கும், பாருங்க.

விதைப்பெட்டி

இருக்கு அக்கா. நீங்க சொன்னது சரி.

கோட்டூர்_உழவன்

எனக்கு ஒரு பயம். பூச்சி தின்னாத பயிரை நாம தின்னலாமா? சத்து கூடுன நெல்லைப் பூச்சி இன்னும் ஆசையாத் தின்னாதா? இது மரபணு மாத்துனதா?

சிலந்தி_நண்பன்

மூணும் நல்ல கேள்வி தம்பி. கடைசிக்கு முதல் பதில்: இங்க பேர் சொன்ன நெல் எதுவும் மரபணு மாத்துனது இல்ல. ஒண்ணு பழைய நாட்டு நெல், இல்லைன்னா மகரந்தம் மாத்தி ஒட்டுக் கட்டினது. புழுவைக் கொல்ற மரபணுவைப் புகுத்தின பி.டி. பருத்தி மாதிரி பி.டி. நெல் சீனாவுல செஞ்சாங்க, 2009ல பாதுகாப்புச் சான்றும் குடுத்தாங்க, வயலுக்கு வரல. வந்திருந்தாலும் அது தண்டு துளைக்கிற புழுவுக்குத்தான். சாறு உறிஞ்சுற புகையானை அது ஒண்ணும் பண்ணாது.

முதல் கேள்விக்கு: எதிர்ப்பு ரகத்துல புகையான் ஊசியைக் குத்துனதும் செடி அந்தச் சாறு ஓடுற குழாயை மெழுகு வச்ச மாதிரி அடைச்சுக்குது. பூச்சி குத்திக் குத்திப் பார்த்துப் பட்டினியா நகருது. இது தண்டுல நடக்குற சங்கதி. அரிசியில விஷம் ஏறல. ஆனா எல்லாப் பயிர்லயும் இவ்வளவு சுத்தமாப் பிரியாது. சிவப்புச் சோளத்துல துவர்ப்புக் கூடுன ரகத்தைக் குருவி தொடாது. அந்தத் துவர்ப்பே நம்ம வயித்துல புரதம் செரிக்க விடாது.

ரெண்டாவது கேள்விக்கு ஒரு பழைய கதையே இருக்கு. 1964ல அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகத்துல ஒரு மக்காச்சோளத்தைக் கண்டதா அறிவிச்சாங்க. அதுல லைசின்னு ஒரு புரதக்கூறு ரெண்டு மடங்கு. ஏழைக் குழந்தைங்களுக்கு விடிவு வந்துச்சுன்னு உலகமே கொண்டாடுச்சு. வயல்ல போட்டா மணி கல்லு மாதிரி இறுகாம மாவு மாவா இருந்துச்சு. குதிர்ல போட்டா கூன்வண்டு மத்ததை விட்டுட்டு இதைத் துளைச்சுது. கதிர் அழுகலும் வந்துச்சு. விளைச்சலும் குறைவு. சத்து இருந்தும் விவசாயி கைவிட்டுட்டார். மெக்சிகோவுல சுரிந்தர் வாசல்னு நம்ம நாட்டு விஞ்ஞானியும், எவாஞ்சலினா வில்லெகாஸ்னு ஒரு வேதியியல் அம்மாவும் இருபது வருஷத்துக்கு மேல உக்காந்து, அந்த லைசினை விடாம மணியை மட்டும் இறுக வச்சாங்க. 2000ல ரெண்டு பேருக்கும் உலக உணவுப் பரிசு. கானாவுல ஒபதன்பான்னு அது பரவுச்சு.

அந்த இருபது வருஷத்தை யாரும் பேசுறதில்ல. சத்தையும் பூச்சியையும் தனித்தனி மேசையில வச்சா இப்படித்தான் ஆகும். நான் இளம் விஞ்ஞானிகளைப் பார்க்கும்போதெல்லாம் கேக்குறது, "உன் துத்தநாக நெல்லை ஆறு மாசம் சாக்குல போட்டு வச்சுப் பார்த்தியா?"

விதைப்பெட்டி

நான் பார்க்கல ஐயா. நாங்க விளைச்சல், நோய், புகையான், சத்து வரைக்கும் பார்த்தோம். சாக்குல வச்சுப் பார்க்கணும்னு தோணல. குறிச்சுக்கிட்டேன்.

பூங்கார்_தேவி

நான் இன்னும் இறங்கி வரல, சொல்லிடுறேன். ஒரே மரபணுவை வச்ச ஒரே ரகத்தை மாவட்டம் பூரா விதைக்கிற வரைக்கும் நான் எதிர்ப்பேன். ஆனைக்கொம்பன் ஈயைப் பாருங்க. நம்ம நாட்டுல மட்டும் அதுல ஏழு பயோடைப் பதிவாயிருக்கு. அதே ஈதான், ஒவ்வொரு கூட்டமும் வேற வேற எதிர்ப்பு ரகத்தை உடைக்கக் கத்துக்கிட்டது. ஆந்திராவுல பல்குணா ரகம் அப்படித்தான் விழுந்துச்சு. ஆராய்ச்சி நிலையத்துக்கு அடுத்த ரகம் தயாரா இருக்கும். நடுவுல விழுந்த வருஷத்துக் கடனை எவர் கட்டுறது?

விதைப்பெட்டி தம்பி, உங்க சம்பளம் விழாது. இவர் ஒண்ணே கால் ஏக்கர் விழுந்துச்சு.

விதைப்பெட்டி

அது உண்மை அக்கா. பதில் இல்ல எங்கிட்ட.

ஒண்ணு மட்டும். மாவட்டம் பூரா ஒரே ரகம் போகக் கூடாதுன்னு நாங்களும் எழுதித்தான் குடுக்குறோம். ரெண்டு மூணு மரபணுவைச் சேர்த்துக் கட்டுறோம், வன்னி நண்பர் சொன்ன மாதிரி. ரகம் வெளியில போனதும் எந்த ரகம் எங்க, எவ்வளவு பரப்புன்னு எங்க கையில இல்ல. விதை விக்கிறவர் கையில, நெல் வாங்குறவர் கையில இருக்கு. பொது நிறுவனத்து ரகம் எல்லாமே நீங்க விதை எடுத்து வச்சுக்கலாம், பக்கத்து வயலுக்கும் குடுக்கலாம். 2001ம் வருஷச் சட்டம் அந்த உரிமையை விவசாயிக்குத் தருது. கடைக்கு வருஷா வருஷம் போக வேண்டியதில்ல.

கோட்டூர்_உழவன்

மூணு நாளா எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை படிச்சேன். மகளும் படிச்சுது. இந்தச் சம்பாவுக்கு இப்படி நெனச்சிருக்கோம்.

ஒன்றரை ஏக்கர்ல மறுபடி பி.பி.டி.தான். கடன் இருக்கு, முத்து அண்ணன் சொன்ன விலை எனக்கு வேணும். ஆனா எட்டடிக்கு ஒரு பட்டம், யூரியா சொன்ன அளவோட நாலாப் பிரிச்சு, பைரித்ராய்டு கிட்டயே போக மாட்டேன். ஒரு ஏக்கர்ல வேளாண் விரிவாக்க மையத்துல புகையான் தாங்கும்னு தர்ற ரகம், அது சன்னமோ குண்டோ. அரை ஏக்கர் வீட்டுச் சாப்பாட்டுக்கு. அதுல தேவி அக்காவோட பூங்காரா, துத்தநாக நெல்லான்னு வீட்டுல இன்னும் சண்டை. என் சம்சாரம் பூங்கார்ங்குது. மக துத்தநாகம்ங்குது.

செவிலி_அமுதா

கால் கால் ஏக்கராப் போடுங்க அண்ணே. வீட்டுல ரெண்டு பேர் சொல்லும் நிக்கும்.

பூங்கார்_தேவி

பூங்கார் எட்டுக் கிலோ எடுத்து வைக்கிறேன். காசு வேண்டாம். அறுத்ததும் அதே எட்டுக் கிலோவை வேற ஒருத்தருக்குக் குடுங்க.

சிலந்தி_நண்பன்

தம்பி, நட்ட முப்பதாம் நாள்லயிருந்து வாரம் ஒரு தடவை, காலையில, மூணு வயல்லயும் தலா இருபது குத்து விலக்கிப் பாருங்க. புகையான் எத்தனை, சிலந்தி எத்தனைன்னு மகளை ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. பச்சை மிரிட்டைப் புகையான்னு எண்ணிராதீங்க. அது பச்சையா, கண்ணு கருப்பா, மெலிசா இருக்கும், விலக்கினா வேகமா ஓடும்.

விதைப்பெட்டி

அந்த நோட்டோட பக்கங்களைப் படம் எடுத்து வாரா வாரம் இங்க போட முடியுமா அண்ணே? தட்டுல நான் பார்த்தது பத்து நாள். வயல்ல நூத்து முப்பத்தஞ்சு நாள் என்ன நடக்குதுன்னு எனக்கும் பார்க்கணும்.

கோட்டூர்_உழவன்

போடுறேன் தம்பி. மக நோட்டு வாங்கிட்டா. முதல் பக்கத்துல மூணு கட்டம் போட்டுப் பேர் எழுதிட்டா.